நனைந்த வீதியும் மோட்டார் ரயரும்

மோட்டார்க் கார் வாங்குவோர் அதன் இயந்திரத்தின் வலுவை விசாரிப்பர். எரிபொருட் செலவை விசாரிப்பர். இருக்கையின் மென்மையை அமர்ந்து பார்ப்பர். வர்ணத்தைப் பற்றி வீட்டாருடன் வாதாடவும் செய்வர். ஆனால், அந்த வண்டி நிலத்தை எதனாற் பற்றிக்கொண்டு நிற்கிறது என்பதை விசாரிப்போர் மிகச் சிலரே. வண்டியின் முழுப் பாரமும், அதனுள்ளே அமர்ந்திருப்போரின் உயிரும், இறப்பராலாகிய நான்கு சிறு பரப்புகளை நம்பியே இருக்கின்றன. அப்பரப்பு எவ்வளவு சிறியது என்பதை எளிய கணக்கொன்றாற் காணலாம். ஆட்களுடன் 1,200 கிலோகிராம் நிறையுள்ள காரொன்றில் ஒவ்வொரு சில்லும் ஏறத்தாழ 300 கிலோகிராமைச் சுமக்கின்றது. ரயரினுள் அடைத்த காற்றின் அமுக்கம் சதுர அங்குலத்துக்கு 30 இறாத்தல் எனின், அச்சுமையைத் தாங்குவதற்கு ரயர் நிலத்தில் ஊன்றவேண்டிய பரப்பு ஏறத்தாழ 140 சதுர சென்ரிமீற்றர் மாத்திரமே. வளர்ந்த ஒருவர் தம் கையை நிலத்தில் ஊன்றினால் மறையும் இடம் அவ்வளவுதான். இயந்திரத்தின் வலுவும், பிறேக்கின் பிடியும், சுக்கானின் திருப்பமும் இந்தக் கையகல இடத்தினூடாகவே வீதியைச் சென்றடையவேண்டும்.

உலர்ந்த வீதியில் இது பெரிய குறையாகத் தோன்றுவதில்லை. தாரிலே பதிந்துள்ள கருங்கற் சல்லிகளின் முனைகளை இறப்பர் அணைத்துப் பிடித்துக்கொள்கிறது. அந்நிலையில் தவாளிப்பே இல்லாத மொட்டை ரயர்கூட நன்றாகப் பற்றும். காரோட்டப் பந்தயங்களில் உலர்ந்த நாளிற் பூட்டப்படும் ரயர்கள் முழு வழவழப்பானவை என்பது பலருக்கு வியப்பளிக்கக்கூடும். தவாளிப்பு வெட்டுவதால் நிலத்தைத் தொடும் இறப்பர் குறைகிறதேயன்றிக் கூடுவதில்லை. அவ்வாறாயின், காசு கொடுத்து வாங்கும் ரயரில் அத்தனை கோடுகளும் வெட்டுகளும் ஏன்? அவை முதன்மையாக மழைக்காகவே உள்ளன. மழையே பெய்யாத நாடொன்று இருக்குமாயின், அங்குள்ள தார் வீதிகளுக்கு மொட்டை ரயரே போதுமானது.

நனைந்த வீதியில் ரயருக்கு இரு வேலைகள் வாய்க்கின்றன. முதலாவது, தனக்கும் வீதிக்கும் இடையிலுள்ள நீரை அகற்றுவது. இரண்டாவது, நீர் அகன்றபின்னும் ஈரமாகவே இருக்கின்ற கற்களைப் பற்றுவது. முதல் வேலை தவாளிப்பைச் சார்ந்தது. இரண்டாவது வேலை இறப்பரின் குணத்தைச் சார்ந்தது. ரயர் தெரிவு செய்வோர் இவ்விரண்டையும் வேறுவேறாகப் பிரித்தறிந்துகொண்டால், கடைக்காரர் கூறுவனவற்றுட் பாதியைத் தாமே எடைபோட்டுவிடலாம்.

முதல் வேலையின் கடுமையை எண்ணிப் பார்ப்போர் குறைவு. பெருமழையில் வீதியின்மேல் 3 மில்லிமீற்றர் உயரத்துக்கு நீர் நிற்கிறதெனக் கொள்க. கார் மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்திற் செல்கின்றது. அதாவது செக்கனுக்கு 22 மீற்றர். ரயரின் முகம் நிலத்தில் ஊன்றும் அகலம் 15 சென்ரிமீற்றர். இவை மூன்றையும் பெருக்கினால், ஒவ்வொரு செக்கனிலும் ஒவ்வொரு முன் சில்லும் வழியிலிருந்து ஒதுக்கவேண்டிய நீர் 10 லீற்றர் எனப் பெறப்படும். கிணற்றடி வாளியில் ஒரு வாளி நீரை, செக்கனுக்கு ஒரு வாளியாக, நிறுத்தாமல் இறைத்துக் கொட்டுவதற்கு இது சமம். இந்நீர் பக்கங்களால் ஒதுங்கவேண்டும். அல்லது தவாளிப்புகளினூடாகப் பின்னே வழிந்தோடவேண்டும். இரண்டும் இயலாதபோது, ரயருக்கு முன்னே நீர் ஆப்புப்போற் செருகி, சில்லை நிலத்திலிருந்து கிளப்பிவிடும். வண்டி அப்பொழுது வீதியில் ஓடுவதில்லை, நீரின்மேல் மிதக்கின்றது. சாரதி சுக்கானைத் திருப்புவார், வண்டி திரும்பாது. பிறேக்கை மிதிப்பார், வேகம் குறையாது.

இந்த நீர்மிதப்பை முறையாக ஆராய்ந்தவர்கள் முதலில் கார்களைப் பற்றிக் கவலைகொண்டவர்களல்லர். மழையில் இறங்கும் ஆகாய விமானங்கள் ஓடுபாதையைக் கடந்து சறுக்கிச் சென்றமையே அவர்களை அதன்பாற் செலுத்தியது. அமெரிக்க விண்வெளி ஆய்வு நிறுவனமாகிய நாசாவின் லாங்லி ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த வால்ரர் ஹோணும் அவருடன் பணியாற்றியோரும் 1963ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையில், நீர்மிதப்புத் தொடங்கும் வேகம் பிரதானமாக ரயரின் காற்றமுக்கத்தைப் பொறுத்தது எனக் காட்டினர். அவர்கள் கண்ட சூத்திரம் மிக எளிது. சதுர அங்குலத்துக்கு எத்தனை இறாத்தல் என்ற அமுக்கத்தின் வர்க்கமூலத்தை எடுத்து, அதனை 10.35ஆற் பெருக்கினால், நீர்மிதப்புத் தொடங்கும் வேகம் மணிக்கு எத்தனை மைல் எனக் கிடைக்கும். 30 இறாத்தல் அமுக்கமுள்ள ரயருக்கு இது ஏறத்தாழ 57 மைல், அதாவது 91 கிலோமீற்றர். அமுக்கம் 20 இறாத்தலாகக் குறைந்துவிட்டால் 46 மைல், அதாவது 75 கிலோமீற்றருக்குக் கிட்ட வந்துவிடும்.

வழவழப்பான ரயருக்கும், தவாளிப்புகள் கொள்ளாத அளவுக்கு நீர் தேங்கியுள்ள இடத்துக்குமே இச்சூத்திரம் நன்கு பொருந்தும். நல்ல தவாளிப்புள்ள ரயர், நீர் ஆழமில்லாதவிடத்து, இதற்கு மேற்பட்ட வேகத்தையும் தாங்கும். ஆயினும் இத்தொகைகளைச் சிறிது நினைவில் வைத்திருத்தல் நன்று. 2011ஆம் ஆண்டில் கொட்டாவையிலிருந்து காலி வரை திறக்கப்பட்ட தெற்கு அதிவேகப் பாதையில் அனுமதிக்கப்பட்ட உச்ச வேகம் மணிக்கு 100 கிலோமீற்றர். அது மழை மிகுந்த தென்மேல் தாழ்நிலத்தை ஊடறுத்துச் செல்லும் வீதி. தேய்ந்த ரயரோடும் குறைந்த காற்றோடும் அங்கே பெருமழையிற் செல்பவர், சட்டத்தை மீறாமலே நீர்மிதப்பின் எல்லையைக் கடந்துவிடலாம்.

பயணம் மெத்தென்றிருக்கவேண்டுமென்று காற்றைக் குறைத்து ஓடுகின்ற வழக்கமும் இங்கு கவனிக்கத்தக்கது. குண்டும் குழியுமான வீதியில் அது இடுப்புக்குச் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் காற்றுக் குறைந்த ரயரின் முகம் நடுவிலே உட்குழிந்து, இரு விளிம்புகளாலேயே நிலத்தை அமுக்குகின்றது. அக்குழிவினுள் நீர் அகப்பட்டுக்கொள்கிறது. நீரைப் பிழிந்து தள்ளும் வலிமையும் குன்றுகிறது. பக்கச் சுவர் இடைவிடாது மடிந்து நிமிர்வதால் ரயர் சூடேறிப் பழுதடைவது வேறொரு தீங்கு. மாறாகக் காற்றை மிகையாக அடைத்தால், முகத்தின் நடுப்பகுதி மாத்திரம் ஊன்றி, பற்றும் இடம் சுருங்கிவிடும். வண்டியைச் செய்தவர்கள் எத்தனை இறாத்தல் என நிச்சயித்திருக்கிறார்களோ அதுவே சரியான அளவு. பெரும்பாலும் அது சாரதியின் கதவுத் தூணில் ஒட்டிய தாளில் இருக்கும். ரயரின் பக்கத்திற் பொறித்துள்ள உச்ச அமுக்கம் அவ்வளவன்று. அது அந்த ரயர் தாங்கக்கூடிய எல்லை. இவ்விரண்டையும் மாறி விளங்கிக்கொண்டு காற்றடிப்போர் பலர். காற்றைக் காலையில், வண்டி ஓடுமுன் அளத்தல் வேண்டும். ரயரின் சூடு 10 பாகை செல்சியசு ஏறினால் அமுக்கமும் ஏறத்தாழ ஒன்றரை இறாத்தல் ஏறிவிடுமாதலின், நெடுந்தூரம் ஓடியபின் அளந்து காற்றைத் திறந்துவிடுவது தவறு.

இனி, தவாளிப்பின் ஆழம். புதிய கார் ரயரில் அது பெரும்பாலும் 7 அல்லது 8 மில்லிமீற்றர். பிரித்தானியாவில் 1968ஆம் ஆண்டில் ஆழம் 1 மில்லிமீற்றருக்குக் குறையலாகாது எனச் சட்டம் வகுக்கப்பட்டது. 1992ஆம் ஆண்டில் அது 1.6 மில்லிமீற்றராக உயர்த்தப்பட்டது. இன்று உற்பத்தியாகும் கார் ரயர்களின் தவாளிப்புகளுக்கடியில், குறுக்கே சிறு இறப்பர் மேடுகள் அமைக்கப்பட்டிருக்கின்றன. முகம் தேய்ந்து இம்மேட்டுக்குச் சமமாகும்போது, எஞ்சியிருப்பது அந்த 1.6 மில்லிமீற்றரே. மேடுகள் எங்கே இருக்கின்றன என்பதைக் காட்டும் சிறு அடையாளம் பக்கச் சுவரின் மேல் விளிம்பில் உண்டு.

சட்டத்தின் எல்லையும் பாதுகாப்பின் எல்லையும் ஒன்றல்ல. உலர்ந்த வீதியில் ரயர் தேயத்தேயப் பிடி பெரிதாக மாறுவதில்லையாதலின், சாரதிக்கு எச்சரிக்கை எதுவும் கிடைப்பதில்லை. நனைந்த வீதியிலோ, ஆழம் ஏறத்தாழ 3 மில்லிமீற்றருக்குக் கீழே இறங்கியதும் பிடி விரைவாகக் குன்றத் தொடங்குகின்றது. அதனாலேயே ஐரோப்பாவில் வீதிப் பாதுகாப்பில் அக்கறையுள்ளோர் பலர், 3 மில்லிமீற்றரிலேயே ரயரை மாற்றிவிடுக என்கின்றனர். ரயர் விலையை நினைக்கும்போது இவ்வாலோசனை கசப்பாகவே இருக்கும். ஆனால் ஒரு கணக்கைப் பார்க்கவேண்டும். நனைந்த வீதியில் இரு கார்கள் பக்கம் பக்கமாக மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்திற் செல்கின்றன. முன்னே ஒரு பிள்ளை வீதியிற் பாய்கிறது. இரு சாரதிகளும் ஒரே கணத்திற் பிறேக்கை மிதிக்கின்றனர். நல்ல ரயருள்ள கார் 35 மீற்றரில் நிற்கின்றது எனவும், தேய்ந்த ரயருள்ள கார் நிற்பதற்கு 50 மீற்றர் வேண்டுமெனவும் கொள்க. முதற் கார் முற்றாக நின்றுவிட்ட அவ்விடத்தை இரண்டாவது கார் எவ்வளவு வேகத்திற் கடக்கும்? மணிக்கு ஏறத்தாழ 44 கிலோமீற்றர் வேகத்தில். பதினைந்து மீற்றர் என்று தாளிற் காணும்போது சிறு வேறுபாடாகத் தெரிவது, அந்தப் பிள்ளைக்கு உயிருக்கும் மரணத்துக்குமான வேறுபாடு. சில்லுகள் பூட்டிக்கொள்ளாமற் காக்கும் நவீன பிறேக் அமைப்புகளும் இதனை மாற்றிவிட மாட்டா. இருக்கின்ற பிடியை அவை செவ்வனே பயன்படுத்தும். இல்லாத பிடியை உண்டாக்கா.

ஆழத்தை அளப்பதற்கு விலைகூடிய கருவி வேண்டியதில்லை. தீக்குச்சியொன்றைத் தவாளிப்பினுள் நிமிர்த்தி வைத்து, முகத்தின் மட்டத்தில் நகத்தால் அடையாளமிட்டு, அதனைப் பாடசாலைப் பிள்ளையின் அடிமட்டத்தில் வைத்துப் பார்த்தாற் போதும். நடுவிலும் இரு ஓரங்களிலும், சில்லைச் சுற்றிப் பல இடங்களிலும் அளக்கவேண்டும். நடு மாத்திரம் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். இரு ஓரங்களும் தேய்ந்திருந்தால் காற்றுக் குறைவு. ஒரே ஓரம் தேய்ந்திருந்தாற் சில்லு நேராக நிற்கவில்லை. இவ்வாறு வண்டியின் நோய்கள் பலவற்றை ரயரின் முகத்திலேயே வாசித்துவிடலாம்.

ரயரின் இரண்டாவது வேலை, ஈரமான கல்லைப் பற்றுவது. இதிலே இலங்கையருக்குத் தனியான அக்கறை இருத்தல் இயல்பு. ஹென்றி விக்கம் என்னும் ஆங்கிலேயர் 1876ஆம் ஆண்டிற் பிரேசிலிலிருந்து இலண்டன் கியூ பூங்காவுக்குக் கொண்டுசென்ற இறப்பர் விதைகளில் முளைத்தவற்றுள், ஆயிரத்துத் தொள்ளாயிரம் வரையான கன்றுகள் அவ்வாண்டிலேயே இலங்கைக்கு அனுப்பப்பட்டுக் கம்பகாவிலுள்ள எனரத்கொடைத் தோட்டத்தில் நாட்டப்பட்டன. கீழைத்தேசத்து இறப்பர்த் தோட்டங்களின் தொடக்கங்களுள் அதுவும் ஒன்று. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1888இல், பெல்பாஸ்ற் நகரத்து மிருக வைத்தியர் ஜோன் பொயிட் டன்லொப் தம் மகனின் முச்சக்கரச் சைக்கிளுக்குக் காற்றடைத்த ரயரைச் செய்தார். றொபேட் தொம்சன் என்னும் ஸ்கொத்லாந்தியர் அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் முந்தி, 1845இலேயே இதே எண்ணத்துக்கு உரிமைப் பத்திரம் பெற்றிருந்தார். ஆனால் அதனை வேண்டுவோர் அக்காலத்தில் இல்லை. டன்லொப்பின் ரயருக்குச் சைக்கிளும், பின்னர் மோட்டார்க் காரும் துணைசெய்தன. களுத்துறையிலும் கேகாலையிலும் மலைச்சரிவுகள் இறப்பர்க் காடுகளானமை இதன் பயனே.

இவ்வளவு தொடர்பிருந்தும், நனைந்த வீதியிற் காரின் ரயர் முகத்துக்கு இயற்கை இறப்பர் தனித்து நின்று சிறந்த பொருளன்று என்பதை ஒப்புக்கொள்ளவேண்டியிருக்கிறது. காரணம் அதன் நற்குணமேதான். இயற்கை இறப்பர் மிகவும் துள்ளுவது. அதனை அமுக்கினால், அமுக்கிய சத்தியைப் பெரும்பாலும் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடும், சூடாகாது. பாரமான லொறிகளின் ரயருக்கும் விமான ரயருக்கும் இக்குணம் அருமையானது. ஈரக் கல்லைப் பற்றுவதற்கோ இதற்கு எதிரான குணம் வேண்டும். கேம்பிறிஜ் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் கிறீன்வுட்டும் டேபரும் 1958இல் இதனைத் தெளிவாக்கினர். வழுக்கும் திரவம் பூசிய இறப்பரின்மேற் கடினமான பொருளொன்றைச் சறுக்கவிட்டு அவர்கள் ஆராய்ந்தனர். ஒட்டிப் பிடிக்கும் விசையைத் திரவம் அழித்துவிட்டபோதும், இறப்பர் நசுங்கி நிமிரும்போது உள்ளே இழக்கும் சத்தி சறுக்கலைத் தடுக்கிறது என்பதே அவர்கள் கண்டது. ஈர வீதியில் இது தலைகீழாக நிகழ்கின்றது. சல்லியின் முனை இறப்பரை நசுக்கிச் செல்கிறது. துள்ளும் இறப்பர் உடனே நிமிர்ந்து, முனையைப் பின்னிருந்து தள்ளி விட்டுவிடுகிறது. மந்தமான இறப்பரோ மெதுவாகவே நிமிர்வதால், முன்னே தடை நிற்க, பின்னே தள்ளுவார் இல்லை. அத்தடையே பிடி. இரு பந்துகளை நிலத்தில் விழுத்திப் பார்த்தால், குறைவாகத் துள்ளும் பந்தின் இறப்பரே ஈர வீதிக்கு உகந்தது.

ஆகவே கார் ரயரின் முகத்தில், இயற்கை இறப்பரிலும் மந்தமான செயற்கை இறப்பர் வகைகள் பெருமளவிற் கலக்கப்படுகின்றன. இயற்கை இறப்பருக்குச் சட்டகத்திலும் பக்கச் சுவரிலும் இடமுண்டு. ஆனால் மந்தமான இறப்பருக்கும் ஒரு குறை உண்டு: உருளும்போது வீணாகும் சத்தி அதிகம், எரிபொருள் கூடுதலாகச் செலவாகும். பிடி வேண்டுமா, சிக்கனம் வேண்டுமா என்ற இந்த இழுபறியை ஓரளவு தீர்த்துவைத்தது, மணலின் இனத்தைச் சேர்ந்த சிலிக்கா. ரயரைக் கறுப்பாக்கி உறுதிகொடுப்பது கரித்தூள்; அதன் பெரும்பகுதிக்குப் பதிலாக நுண்ணிய சிலிக்காவைச் சேர்த்த ரயரை மிஷெலின் நிறுவனம் 1992இல் வெளியிட்டது. ஈரப்பிடி குன்றாமலே உருளும் தடை குறைந்தது. இன்று நல்ல கார் ரயர்கள் பெரும்பாலும் இவ்வழியிற் செல்வனவே. ஈரப்பிடிக்கும் நீண்ட ஆயுளுக்குமிடையேயுள்ள இழுபறி மட்டும் முற்றாகத் தீரவில்லை. மிக நீண்ட தூரம் ஓடும் என்பதையே பெருமையாகக் கூறி விற்கப்படும் மலிவு ரயர், மழையில் எவ்வாறு நிற்கும் எனக் கேட்டே வாங்கப்படவேண்டும்.

கடையிற் கேட்பதற்குப் பதிலாக, ரயரையே கேட்பதும் உண்டு. அதன் பக்கச் சுவர் பேசும். 175/65 ஆர் 14 82 ரி எனப் பொறித்திருந்தால், ரயரின் அகலம் 175 மில்லிமீற்றர். பக்கச் சுவரின் உயரம் அவ்வகலத்தில் நூற்றுக்கு 65. ‘ஆர்’ என்பது நாண்கள் குறுக்காக, ஆரைகளைப்போல் ஓடும் ஆரை ரயர். உட்சில்லின் விட்டம் 14 அங்குலம். 82 என்னும் குறி ஒரு ரயர் 475 கிலோகிராம் தாங்கும் என்பது. ‘ரி’ என்பது மணிக்கு 190 கிலோமீற்றர் வரை தாங்கும் என்பது. 2000ஆம் ஆண்டு முதல், செய்த காலம் நான்கு இலக்கங்களாற் குறிக்கப்படுகின்றது. 2319 எனின் 2019ஆம் ஆண்டின் இருபத்துமூன்றாம் வாரம். இது முக்கியம். இறப்பர் காலஞ் செல்லச் செல்ல இறுகும்; தவாளிப்பு நிறைய இருந்தாலும் இறுகிய முகம் ஈரக் கல்லைப் பற்றாது. பாவித்த ரயர்களை இறக்கி விற்குமிடத்தில் மலிவைக் கண்டு மயங்குவோர் முதலிற் பார்க்கவேண்டியது இந்நான்கு இலக்கங்களையே.

அமெரிக்கச் சந்தைக்கான ரயர்களில் ஈரப்பிடி ஏஏ, ஏ, பி, சி எனத் தரம் பிரித்துப் பொறிக்கப்பட்டிருக்கும். அது நனைந்த தார்த் தரையிலும் கொங்கிறீற்றுத் தரையிலும் நேர்க்கோட்டிற் பிறேக் பிடித்துப் பெற்ற தரம். வளைவில் எவ்வாறு நிற்கும் என்பதையோ நீர்மிதப்பையோ அது கூறாது. ஐரோப்பாவில் 2012ஆம் ஆண்டு முதல் ரயருடன் ஒரு தாள் ஒட்டப்படுகிறது. 2021இல் அது திருத்தப்பட்டு, ஏ முதல் ஈ வரை ஐந்து தரங்களாயிற்று. எரிபொருட் சிக்கனம், ஈரப்பிடி, வெளிச் சத்தம் ஆகிய மூன்றும் அதில் வெவ்வேறாக இருக்கும். மழை நாட்டில் வாழ்வோர் முதலில் நோக்கவேண்டியது மழைமேகம் வரைந்த கட்டத்தையே. அத்தரமும் புதிய ரயருக்கே உரியது என்பதை மறத்தலாகாது.

அகன்ற ரயர் அழகானது என்று கருதி, வண்டிக்கு விதித்ததிலும் அகலமானதைப் பூட்டுவோர் உளர். உலர்ந்த வீதியில் அது ஓரளவு நயமளிக்கலாம். நீரிலோ, அகலம் கூடினால் ஒதுக்கவேண்டிய நீரும் கூடும். பக்கங்களால் அது தப்பியோடும் வழியும் நீளும். பக்கச் சுவர் தாழ்ந்த ரயரும் அழகுக்காகவே பெரிதும் வாங்கப்படுகின்றது. குழியில் விழும்போது அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது பக்கச் சுவரும் அதற்குள்ளிருக்கும் காற்றுமே. அச்சுவர் தாழ்ந்தால் அதிர்ச்சி நேரே முதுகெலும்புக்கு வரும், உட்சில்லும் நெளியும். சுகத்தை விரும்புவோர் காற்றைக் குறையாமல், உயர்ந்த பக்கச் சுவருள்ள ரயரைத் தெரிந்துகொள்வதே முறை. ஆரை ரயர் இவ்வகையிற் பெரும் பேறு. மிஷெலின் நிறுவனம் 1946இல் உரிமைப் பத்திரம் பெற்ற இவ்வமைப்பில் பக்கச் சுவர் வளைந்துகொடுக்க, முகம் மாத்திரம் பட்டைகளால் இறுக்கப்பட்டுத் தட்டையாக நிலத்திற் படிகின்றது. சுகமும் பிடியும் பகைக்காமல் ஒரே ரயரிற் கூடியமை அதனாலேயே. சத்தத்தைப் பொறுத்தமட்டில், முகத்துக் கட்டிகள் ஒரே அளவினவாயின் ஒரே சுருதியில் ஊளையிடும். ஆகவே அவற்றைப் பல அளவுகளிற் கலந்து அமைப்பர்.

தவாளிப்பின் கோலத்தைப் பற்றிக் கடைகளில் மிகுதியாகப் பேசப்படும். அம்புமுனைபோன்ற கோலமுள்ள ரயர் நீரை நன்றாக ஒதுக்கும். ஆனால் பக்கத்தில் வரைந்த அம்புக்குறி முன்னோக்கிச் சுழலும்படியே பூட்டப்படவேண்டும். இரு பாதிகளும் வேறுவேறு கோலமுள்ள ரயரில், வெளிப்பக்கம் எனப் பொறித்த பக்கம் வெளியே இருக்கவேண்டும். பூட்டுபவரின் அவசரத்தில் இவை மாறிவிடுவதுண்டு; காசு கொடுக்குமுன் சுற்றிவந்து பார்ப்பது நல்லது. மொட்டையான கார் ரயரிற் சூட்டுக் கத்தியாற் புதிய தவாளிப்பு வெட்டுவதைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. அங்கே வெட்டப்படுவது, உள்ளிருக்கும் நாணைக் காப்பதற்கென எஞ்சிய இறப்பரே. குளிர்நாட்டிலிருந்து வரும் பாவித்த கார்களில், பனிக்காலத்துக்கெனச் செய்த மென்மையான ரயர்கள் சிலவேளை இருக்கும். நெருக்கமான நுண்வெட்டுகளைக் கண்டு, மழைக்கு இவையே சிறந்தவை எனத் தோன்றும். வெப்பமான வீதியில் அவ்விறப்பர் மிதமிஞ்சி மென்மையாகி, கட்டிகள் நெளிந்து, நிற்கும் தூரத்தை நீட்டிவிடுவதுடன் விரைவில் தேய்ந்தும் போகும்.

நாலு ரயர்களையும் ஒருங்கே மாற்ற எல்லாருக்கும் வசதி இராது. இரண்டே வாங்குவோர் அவற்றை முன்னே பூட்டவேண்டும் என்பது பரவலான எண்ணம். இயந்திரம் முன் சில்லுகளை ஓட்டும் கார்களில் அது நியாயமாகவும் தோன்றும். ரயர் உற்பத்தியாளர்கள் கூறுவது இதற்கு மாறானது: புதியவை பின்னே. முன் சில்லுகள் நீரிற் பிடி இழந்தால், வண்டி திரும்ப மறுத்து நேரே செல்லும். சாரதி அதனைச் சுக்கானில் உணர்ந்து, வேகத்தைக் குறைத்து மீளலாம். பின் சில்லுகள் பிடி இழந்தால், வால் முன்னே வந்து வண்டி சுழன்றுவிடும்; கடுகண்ணாவையிலோ கினிகத்தேனையிலோ, ஒருபுறம் மலையும் மறுபுறம் பள்ளமுமான வளைவில், அதனை மீட்கும் வல்லமை பெரும்பாலோருக்கு இல்லை.

வீதியின் குணமும் நாளுக்கு நாள் வேறுபடும். நெடுநாள் வெயிலுக்குப்பின் விழும் முதல் மழை, பெருமழையிலும் வஞ்சகமானது. எண்ணெய்த் துளியும் தூசியும் இறப்பர்த் துகளும் கலந்து மெழுகுபோலப் பூசிக்கொள்ளும். நன்றாகப் பெய்து கழுவிய பின்னரே சல்லி வெளிப்படும். அவ்வேளையில் உதவுவது தவாளிப்பன்று. இறப்பரின் குணமும் சாரதியின் பொறுமையுமே. வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் வன்னியின் சமதரை வீதிகளில் நிலைமை வேறு. குளங்கள் நிரம்பி வழியும் கார்த்திகை மார்கழியில் தாழ்ந்த இடங்களில் வீதியின்மேலே நீர் படிந்து நிற்கும்; வீதி நேராக இருப்பதால் வேகமும் கூடியிருக்கும். அங்கே வேண்டியது ஆழமான தவாளிப்பும் நிறைந்த காற்றும். சுக்கான் திடீரெனப் பாரமற்றுப் போவதை உணர்ந்தால், பிறேக்கை மிதியாமல், சுக்கானைத் திருப்பாமல், காலை முடுக்கியிலிருந்து மெல்ல எடுத்து, சில்லு மறுபடி நிலத்தைத் தொடும்வரை பொறுத்திருத்தல் வேண்டும். முன்னே சென்ற வாகனத்தின் சில்லுகள் நீரை ஒதுக்கிய தடத்திலேயே செல்வது, அந்நீரிற் பாதியை அவ்வாகனத்தையே இறைக்கச் செய்வதாகும். ஆனால் அதற்கும் தமக்கும் இடையில், உலர்ந்த நாளில் விடுவதைப்போல் இரு மடங்கு இடைவெளி விட்டுச் செல்லவேண்டும். வண்டியின் பின்னறையிற் கிடக்கும் மேலதிக ரயருக்கும் மாதமொருமுறை காற்றுப் பார்த்து, அதன் நான்கு இலக்கங்களையும் வாசித்துவைத்தல் வேண்டும். மழையிரவில், மாங்குளத்துக்கும் கிளிநொச்சிக்கும் நடுவில், பூட்டவேண்டி வருவது அதுவாகவும் இருக்கலாம்.